படலத்தின் மேல்பாதி

மார்ச் 3
காலையில் முதல் ஆளாக ஆய்வகத்துக்குப் போனேன். உலைக்கு ஈரக் காற்று அனுப்பும் பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நேற்று நிரப்ப வேண்டியவள் நான். 'இதுவே போதும்' என்று கிளம்பிப் போனவளும் நான்தான். யாரும் வருவதற்குள் நிரப்பி வைத்தேன்.
உலையிலிருந்து எடுத்த, கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்த வேண்டிய ஆக்சைடு மீகடத்திப் படலம் வீண். திரவ நைட்ரஜனில் முக்கியும் மின்தடை மறையவே இல்லை.

மார்ச் 4
கூட்டத்தில் பேராசிரியர், "எங்க தப்பு?" என்றார்.
"கரைசலைத்தான் சார் பாக்கணும்." வாயில் வந்துவிட்டது.
படலமாகப் பூசும் கரைசலைக் கலக்குகிறவள் என் பக்கத்து மேசைக்காரி. நாங்கள் சின்னவள் என்று கூப்பிடும் பெண். இந்த மாதத்தோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது.
"அப்போ நீட்டிக்கணுமான்னே யோசிக்கணும்" என்றார் அவர்.
சீ. நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 5
சின்னவள் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள்! "என்னால உங்க உழைப்பும் பாழாப் போச்சுக்கா. எங்க கோட்டை விட்டேன்னே புரியல."
"பரவாயில்ல விடு" என்றேன். பரவாயில்லையாம். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு.

மார்ச் 7
"என்ன, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் வீட்டுக்காரர். தலைவலி என்றேன்.

மார்ச் 9
படலத்தை உடைத்து, அதன் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். படிகம் அடியிலிருந்துதான் மேலே வளரும், அதுவும் ஈரம் இருக்கும்வரை. கீழ்ப்பாதி அவ்வளவு அழகு — தட்டுத் தட்டாக, நெருக்கமாக. மேல்பாதி ஓட்டை ஓட்டையாக, பாதி வெந்த மாவு. தண்ணீர் தீர்ந்த இடம் கோடு கிழித்தாற்போல் தெரிகிறது. கரைசல் கெட்டிருந்தால் கீழ்ப்பாதி மட்டும் எப்படி இப்படி வளரும்? அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.
படத்தை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேனே!

மார்ச் 10
சொல்லிவிட்டேன். படத்தைத் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும். பாட்டிலை நிரப்பி மறைத்ததையும்.
"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு படலத்தோட போயிருக்கும்" என்றார் பேராசிரியர். சின்னவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 31
அவளுக்கு இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார்கள். அப்பாடா.

ஏப்ரல் 2
அவள் கரைசல், என் உலை. பாட்டிலில் குறிவரை தண்ணீர் ஊற்றி, சரிபார்த்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைத்தேன்.
"ஒரு நிமிஷம்" என்று எழுந்து வந்தாள். குனிந்து, பாட்டிலை அவளும் பார்த்தாள்.
நான் நகர்ந்து, அவள் நன்றாகப் பார்க்க வழி விட்டேன்.