தொண்ணூற்று மூன்றாம் பக்கத்துப் பை

என் எழுத்தாளர் மகளுக்கு,

பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டுப் படிக்கிற உன் நாவல் படமாகிறது. செவ்வாய்க்குப் போகும் உன் கதாநாயகிக்கு விண்வெளி உடை தைப்பது யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது. நான்தான்.

நேற்று நடிகை அதைப் போட்டுப் பார்த்தாள். இயக்குநர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் எதுக்கு மாஸ்டர் இந்தப் பை? அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்க" என்றார்.

"முடியாது சார். அவ அப்பாவோட கடிகாரத்தை வெச்சுக்கிற பை அது. தொண்ணூத்தி மூணாம் பக்கத்தைப் பாருங்க."

மனிதர் பத்துப் பக்கத்தைத் தாண்டியிருக்கமாட்டார். புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை வாட்டி படிச்சீங்க மாஸ்டர்?"

"எழுதினது என் பொண்ணு சார்" என்றேன். தையல் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

"கதை எழுதி என்னத்தைக் கிழிக்கப்போற?" என்று அன்று நான் கேட்டதை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை.

படம் பார்க்கும்போது அந்தப் பையைக் கவனி. இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் பிரியாது.

இப்படிக்கு,
முதல் அத்தியாயத்திலேயே நீ சாகடித்துவிட்ட
உன் அப்பா