கம்பளிக் கோட்டுக்கு இரண்டு விலை

வலியசாலை, திருவனந்தபுரம்
18.01.2026, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 9.20

அன்பு மகள் கலைச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை நெல்லையப்பனும் குழந்தை ஆவுடையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் தாணுமாலயனை நினைத்துக்கொள்கிறேன். சென்ற திங்கட்கிழமை, அதாவது 12-ஆம் தேதி, சர்க்கரை பார்த்ததில் நூற்று இருபத்தெட்டு. பின்கட்டுக் குழாயின் ஒழுக்கு 5-ஆம் தேதி சரியாயிற்று. வாரந்தோறும் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்கக்கூடும். ஃபோனில் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. காகிதத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதலாம். இது மூன்றாவது தாள், முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

முதலில் எனக்கு ஒரு விவரம் வேண்டும். உங்கள் கார்க் நகரத்தில் வயதான ஆண்கள் அணியும் கம்பளிக் கோட்டு, முழங்கால் வரை நீளம், உள்ளே துணி வைத்துத் தைத்தது, மார்பளவு முப்பத்தாறு அங்குலம், என்ன விலை என்று கடையில் நேரில் பார்த்து எழுது. யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தியாவில் விற்கிற ஒரு கம்பெனியின் இணையப் பக்கத்தில் அப்படி ஒரு கோட்டுக்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய் போட்டிருக்கிறான். அதே கம்பெனியின் அயர்லாந்துப் பக்கத்தில், அதே கோட்டு, அதே படம், அறுபது யூரோ, அதாவது ஆறாயிரத்து முந்நூறு. ஏழை நாட்டில் கூடுதல், பணக்கார நாட்டில் குறைவு. முப்பது வருடம் விலைப்பட்டியலோடு வாழ்ந்தவனுக்கே தலை சுற்றியது. மாடியில் குடியிருக்கும் ரெனி, பாறசாலைக்காரப் பெண், டெக்னோபார்க்கில் துணிக் கம்பெனிகளின் இணையப் பக்கங்களில் விலைப்பட்டியலைப் பதிவேற்றுகிற வேலை என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவளிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அங்கிளே, படம் ஒண்ணுன்னா விலையும் ஒண்ணா இருக்கணுமா? அங்க அது மழைக்கு இடுக சாதாரண உடுப்பு, ஆயிரக்கணக்கில விக்கும். இங்க ஊட்டிக்கு டூர் போறவன்தான் வாங்குவான், அதுவும் பத்துப் பேரு. இறக்குமதி வரி, மால் வாடகை எல்லாம் அந்தப் பத்துப் பேரு தலையில. இதையும் இட்டுக்கிட்டு நீங்க தம்பானூர்ல நின்னா வெந்து போவீங்க, கேட்டோ" என்றாள்.

கோட்டு இருக்கட்டும். நான் எழுத வந்தது சென்ற ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, ஞாயிறு மாலை நடந்ததைப் பற்றி. அன்று நீ "மார்ச்சுல இருந்து ஒரு மூணு மாசம் இங்க வந்து நில்லுங்கப்பா, பிள்ளைக்கும் தொணையா இருக்கும்" என்றாய். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தாய், நான் விடவில்லை. "மாசம் மூணேகால் லட்சம் வாங்குகவளுக்குச் சம்பளமில்லாத ஆயாவா வேணும்?" என்று கேட்டேன். உடனே, குழந்தை கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாய். அதற்குப் பின் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் சென்றுவிட்டன. முன்பெல்லாம் நாற்பது நிமிடம் பேசுவாய், இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்பதோடு பெரும்பாலும் முடிகிறது. வரச்சொல்லி நீ மறுபடி கேட்கவே இல்லை.

நான் செய்த பிழை வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கத்தக்கது. உன் சம்பளத்தை நூற்றைந்தால் பெருக்கி ரூபாயாக்கி, அந்த ரூபாயை இந்த ஊர்ச் சந்தையான சாலைக் கம்போளத்து விலையில் செலவழித்துப் பார்த்தேன். அந்த விலையில் நீ பணக்காரிதான். ஆனால் நீ அரிசி வாங்குவது சாலைக் கம்போளத்தில் இல்லையே. 1973 செப்டம்பர் 3-ஆம் தேதி அரசுப் புள்ளிவிவரத் துறையில் விலை சேகரிக்கிற வேலையில் சேர்ந்தது முதல் 2003 மார்ச் 31-ஆம் தேதி ஓய்வு பெற்றது வரை எனக்குச் சம்பளம் கொடுத்ததே இந்த ஒரு வித்தியாசத்தை அறிந்திருப்பதற்காகத்தான். வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அதே கடை, அதே சரக்கு, அதே தரம். பாப்ளின் வெள்ளை, முப்பத்தாறு அங்குல அகலம், ஒரு மீட்டர், விலை இன்னது. அந்தச் சரக்கு இல்லாவிட்டால் பக்கத்துச் சரக்கின் விலையை எழுதக்கூடாது, 'கிடைக்கவில்லை' என்றுதான் எழுதவேண்டும். மழை பெய்த வெள்ளிக்கிழமைகளில் வெல்லமும் கொத்தமல்லியும் கஞ்சி போட்ட புதுத்துணியும் கலந்து ஒரு வாசனை வருமே, இப்போதும் எப்போதாவது அந்தப் பக்கம் நடக்கும்போது கை தானாகச் சட்டைப் பையில் பென்சிலைத் தேடுகிறது. ஜவுளிக்கடை வன்னியபெருமாள் "இத்தன வருசமா வெலையை மட்டும் கேட்டுட்டுப் போற ஒரே ஆளு நீருதான் ஓய்" என்று ஒவ்வொரு வாரமும் சலிக்காமல் சொல்வார். 1994 மே 6-ஆம் தேதி, பள்ளி விடுமுறை, உன்னையும் அழைத்துப் போனேன். உனக்கு எட்டு வயது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது நீ அவரிடம் போய், "எங்கப்பா எப்பவும் வெலை கேட்டுட்டு வாங்காமலே வாராங்க, கொஞ்சம் கொறச்சுக் குடுங்க" என்றாய். கடையே சிரித்தது. அவர் ஒரு முழம் சிவப்பு ரிப்பன் வெட்டி உன் கையில் கொடுத்தார். விலை சேகரிக்கிறவன் கடையில் கை நீட்டக்கூடாது என்று நான் அதைத் திருப்பிக் கொடுக்கவைத்தேன். கிழக்கேகோட்டை பேருந்து நிறுத்தம் வரை நீ அழுதுகொண்டே வந்தாய். விதிப்படி நான் செய்தது சரி. ஆனாலும் அந்தச் சரியை இத்தனை காலம் நினைவில் வைத்திருக்கிறேன்.

பிழை எனக்குத் தெரியவந்த விதத்தையும் வரிசையாகச் சொல்கிறேன். டிசம்பர் 4-ஆம் தேதி, ஆவுடையின் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு கவுன் பார்க்கலாம் என்று ரெனியை உட்காரவைத்தேன். இங்கே ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு போட்டிருந்த கவுன் உங்கள் பக்கத்தில் பன்னிரண்டு யூரோ. குழந்தை உடுப்புக்கு அங்கே விற்பனை வரி கிடையாது என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். படத்தில் தெரிந்த கவுனின் உள்பட்டையில் இந்தியாவில் தைத்தது என்று அச்சிட்டிருந்தது. துணி இங்கிருந்து கடல் கடந்து போய்ப் பெயர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து நமக்கே கூடுதல் விலை சொல்கிறது. அப்படியானால் அங்கே எல்லாமே மலிவு என்று நான் இன்னும் உறுதியாக நம்பினேன். 7-ஆம் தேதி நீ பேசும்போது, கால்சட்டைக்கு ஜிப் மாற்றப் பதினெட்டு யூரோ கேட்டார்கள், நானே கையால் தைத்துக்கொண்டேன் என்றாய். மறுநாள் தெருமுனைத் தையற்காரர் பேச்சிமுத்துவிடம் இதைச் சொன்னேன். அவர் அதே வேலைக்கு அறுபது ரூபாய் வாங்குகிறவர். ஊசியை வாயில் கவ்வியபடியே, "பதினெட்டு யூரோவா? அப்ப என்னயப் பார்சல் கட்டி அங்க அனுப்பிருங்க சார்வாள், போஸ்டேஜு நானே தாறேன்" என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்குத்தான். எனக்கு அன்று பகல் முழுவதும் அதே நினைப்பாக இருந்தது. கவுன் கப்பலேறும், அதனால் அதன் விலை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும், சில சமயம் தலைகீழாகவும் நிற்கும். பேச்சிமுத்துவின் கை கப்பலேறாது. வீட்டுச் சுவர் ஏறாது, முடிவெட்டுகிறவர் ஏறமாட்டார், குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆள் ஏறமாட்டார். இரண்டு ஊர்களின் வித்தியாசம் முழுவதும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் பார்த்ததோ மற்றப் பக்கத்தை.

உடனே பொழுதுபோக்கு என்று சொல்லி மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு இனங்கள் கொண்ட ஒரு பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் மறுக்கத் தெரியாதவர், 21-ஆம் தேதி எல்லாவற்றையும் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டார். அவரை நீ கோபிக்காதே. வீட்டு வாடகை உன் சம்பளத்தில் பாதிக்கு மேல். குழந்தைக் காப்பகம், வாரம் மூன்று நாள் மட்டும், ஐந்தில் ஒரு பங்கு. அந்த வரிக்கு எதிரே அவர், 'மற்ற இரண்டு நாள் நான் நைட் டியூட்டி முடிந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் மாமா, அந்தக் காசு மிச்சம்' என்று எழுதியிருந்தார். பிறகு எப்போது தூங்குகிறார் என்று எழுதவில்லை. கடைசியில் ஒரு வரி: மார்ச் 23 முதல் மூன்று மாதம் பகல்நேரப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, முடித்தால் இரவு வேலையிலிருந்து மாற்றுவார்கள், ஜனவரி 31-க்குள் பெயர் கொடுக்கவேண்டும், குழந்தைக்கு ஆள் இல்லாததால் அடுத்த தடவை பார்க்கலாம். நவம்பர் 2-ஆம் தேதி நீ சொல்ல வந்து நான் விடாதது இதுதான் என்று அப்போது தெரிந்தது.

பழைய வழக்கப்படி அகலத் தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் சாலை, அந்தப் பக்கம் கார்க் என்று எல்லா இனங்களையும் எழுதினேன். நாற்பத்திரண்டாவது இனமாக 'குழந்தையோடு வீட்டில் இருக்க ஒரு பெரியவர்' என்று நானே சேர்த்தேன். கார்க் பக்கத்தில் என்ன எழுதுவது? 'கிடைக்கவில்லை' என்று எழுதினேன். சாலைப் பக்கத்தில் எழுதப் போனபோது என் அப்பா நினைவுக்கு வந்தார். 1987 ஜூன் 15-ஆம் தேதி, உன் அம்மா பிரசவ விடுப்பும் அதன் பிறகு எடுத்த சம்பளமில்லா விடுப்பும் முடிந்து பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிய அன்று, என் அப்பா பூதப்பாண்டியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். நீ பள்ளியில் சேரும் வரை மூன்று ஆண்டுகள் இங்கேயே நின்றார். அவருக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, தண்ணீர் சேரவில்லை என்று சொல்லிக்கொண்டே நின்றார். இரண்டு சம்பளத்தில் சிக்கனமாக வீடு கட்டியதை நானும் உன் அம்மாவும் எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தோம். ஊரெல்லாம் விலை எழுதிய நான் அந்த மூன்று ஆண்டுகளை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் நவம்பர் 2-ஆம் தேதியே பரணிலிருந்து பெட்டியைக் கீழே இறக்கியிருப்பாள்.

எனவே கோட்டு எனக்குத்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க 6-ஆம் தேதி போய் வந்தேன், வந்ததும் விசாவுக்கு எழுதவேண்டும், தொண்ணூறு நாள் தருவார்கள் என்று ரெனி பார்த்துச் சொன்னாள். கோட்டை இங்கே வாங்குவது முட்டாள்தனம், அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம், விமானத்திலிருந்து இறங்கி வீடு சேரும் வரை மாப்பிள்ளையின் பழைய கோட்டு ஒன்று போதும். மாப்பிள்ளையை நாளையே பெயர் கொடுக்கச் சொல். எழுபத்தேழு வயதில் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டேன், உட்கார்ந்து கதை சொல்வேன், நேரத்துக்குச் சோறு ஊட்டுவேன், அவள் தூங்கும்போது தூங்குவேன். அன்று நான் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். நான் நேரில் வரும்போது இதை மறுபடி கேட்காதே, எழுதியாயிற்று.

எல்லாக் காரியமும் தடையின்றி நடக்கவும், நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவும் என் ஆசிகள். இந்தக் கடிதத்தை ரெனி படம் எடுத்து இன்றே அனுப்புவாள், காகிதம் தபாலில் பின்னால் வரும். ஜனவரி 31 சனிக்கிழமை, அலுவலகம் மூடியிருக்கும், ஆகவே வெள்ளிக்கிழமை 30-ஆம் தேதியே கடைசி நாள் என்று கணக்கில் வை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சிவதாணு

பின்குறிப்பு: முந்தாநாள், 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, சாலைக்குப் போய் வன்னியபெருமாளின் மகன் கடையில் ஆவுடைக்குச் சிவப்பு ரிப்பன் இரண்டு முழம் வாங்கிவைத்திருக்கிறேன். அதில் ஒரு முழம் உனக்கு. விலை குறித்துக்கொள்ளவில்லை.