பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம்

2025 மார்ச் 3, திங்கள்

வீட்டுப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை வைத்து இரண்டு கத்தி அடித்தேன். இரண்டாவது நன்றாக வந்துகொண்டிருந்தபோது பொதுச்சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு ஞானசம்பந்தன் அண்ணாச்சியின் தலை தெரிந்தது. ஏணி போட்டு ஏறியிருக்கிறார். அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் முழுநேர அதிகாரி ஆகியிருக்கிறார்.

"என்னவே மகேஷு, நம்மாள்க செய்யுத வேலையா இது?" என்றார். சத்தத்தைச் சொல்கிறாரா, ஜாதியைச் சொல்கிறாரா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இரண்டையும்தான் சொல்கிறார்.

அவருடைய அப்பா அம்மையப்பன் பெரியப்பா வாதம் வந்து, சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். நான் சம்மட்டியை இறக்கும்போதெல்லாம் அவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறதாம். பாவம்தான். ஆனால் பொழுது சாய்ந்தால் அவர்கள் டி.வி.யில் சண்டை போடும் மாமியார்களும் மருமகள்களும் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிடுகிறார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 10, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் என் மேல் ஒரு மனு போயிருக்கிறது. தெருவில் பாதிப் பேர் கையெழுத்து. அதில் மூன்று பேர் வீட்டு அரிவாள்மணைக்கு நான்தான் சாணை பிடித்துக் கொடுத்தேன்.

பேட்டையில் ஒரு ஷெட் பிடியுங்கள் என்கிறாள் என் வீட்டுக்காரி சித்ரலேகா. அவளுக்கென்ன, சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போய்விடுவாள். அங்கே வாடகை கொடுத்துக் கத்தி அடித்தால் அந்தக் கத்தியையே நாங்கள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 13, வியாழன்

மாநகராட்சியிலிருந்து ஒருவர் சத்தம் அளக்கிற கருவியோடு வந்தார். அடிக்கச் சொன்னார், அடித்தேன். தலையை ஆட்டினார். நல்ல மனிதர்தான், அடுத்த மாதம் மறுபடி வருவதாகவும் சத்தம் குறையாவிட்டால் மூட வேண்டியிருக்கும் என்றும் மெதுவாகவே சொன்னார்.

சாயங்காலம் மேலப்பாளையத்திலிருந்து தாஜ் முகம்மது பாய் வந்தார். கறிக்கடைக்காரர். பக்ரீதுக்கு அவருக்கும் அவருடைய கூட்டாளிக் கடைகளுக்கும் மொத்தக் கத்தியும் நான் செய்து தர வேண்டும். இதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் பட்டறை நிற்கும். இல்லையென்றால் பழையபடி ஓசூருக்குப் போய், நான் வேலை பார்த்து மூடிப்போன கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில், என்னைவிடச் சின்னவன் முன்னால் நிற்க வேண்டும். மாட்டேன். அதற்கு மட்டும் மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஓட்டலில் கெஞ்சி முட்டை அட்டைகள் வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினேன். யாரோ ஒருத்தன் வீடியோவில் சொன்னான். பட்டறை பார்ப்பதற்குக் கோழிப்பண்ணை மாதிரி இருந்தது. சத்தம் ஒரு இம்மி குறையவில்லை. பொறி விழுந்து ஒரு அட்டை புகைய ஆரம்பித்தது, வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். சித்ரலேகா சிரித்த சிரிப்புதான் இன்றைக்கு உருப்படியான சத்தம்.

மார்ச் 23, ஞாயிறு

புத்தி இப்போதுதான் வேலை செய்கிறது. சத்தம் சுவரில் இல்லை. இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல்லில் இருக்கிறது. பேர்தான் கல், அதுவும் இரும்புதான். அடித்ததும் கல் முழுக்க அதிர்ந்து மணி மாதிரி பாடுகிறது. அதன் வாயை அடைக்க வேண்டும்.

கல்லின் இடுப்பில் கனத்த சங்கிலியை இறுக்கிச் சுற்றினேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அடியில் ஒட்டவைத்தேன். கல் உட்கார்ந்திருந்த மரக்கட்டையைத் தூக்கிவிட்டு, பாதி வெட்டிய டிரம்மில் மணலை இடித்து நிரப்பி, ரைஸ்மில் பெல்ட்டை அதன் மேல் விரித்து, அதில் கல்லை உட்கார்த்தினேன். முதுகு போயிற்று. ஆனால் சுத்தியலால் தட்டினால் கணீர் என்றது போய் 'தொப்' என்கிறது. தரையில் தேங்காய் விழுந்த மாதிரி. அவ்வளவுதான்.

மார்ச் 30, ஞாயிறு

பொதுச்சுவரை ஒட்டி உள்பக்கம் இன்னொரு சுவர் எழுப்பியாகிவிட்டது. ஹாலோ பிளாக், குழிகளுக்குள் மணல். கதவுக்கு உள்ளே ரப்பரும் தேங்காய்நார் விரிப்பும். புகைபோக்கியையும் மேலே காற்று வழியையும் அடைக்கவில்லை. சத்தத்துக்குப் பயந்து சாவதற்கு நான் தயாரில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மாநகராட்சிக்காரர் வந்தார். நான் உள்ளே அடித்துக்கொண்டிருக்க, அவர் தெருவில் நின்று சித்ரலேகாவிடம் "எப்பம்மா ஆரம்பிப்பாரு?" என்று கேட்டாராம். நான் அடிக்க ஆரம்பித்துக் காப்பி ஆறுகிற நேரம் ஆகியிருந்தது. சத்தத்தைப் பற்றி இனி ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஏணியில் தலை தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் துணி காயப்போடப் போன சித்ரலேகா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பேசாதே என்று வாயில் விரலை வைத்தாள். பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னல் எங்கள் புறவாசலைப் பார்த்துத்தான் திறக்கும்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் அண்ணாச்சி குரல்: "வாயத் தொறலே. தொற. பல்லு வெளக்கவா, ஒடைக்கவா?" பளார் என்று ஒரு அறை. ஈர உடம்பில் விழுந்த அறை.

லே. பெற்ற அப்பாவை லே. தெருவில் நாலு பேர் முன்னால் 'அப்பா', 'அப்பா' என்று கை தாங்கி ஆட்டோவில் ஏற்றுகிற மனிதர்.

பெரியப்பா அலறினார். நடுவில் "ஐயா, ஐயா" என்று மகனைக் கெஞ்சுகிறார். அண்ணாச்சியின் மனைவி பிரம்மநாயகி மதினி ஏதோ சொல்கிறாள், தடுக்கிறாள் என்று நினைத்தோம். "மூஞ்சியில வேண்டாம், ஆளு வந்தா தெரியும்" என்கிறாள்.

இது இன்றைக்கு ஆரம்பித்ததாக இருக்காது. இத்தனை நாளும் காலையில் நானும் அடித்துக்கொண்டிருந்தேன், அவரும் அடித்துக்கொண்டிருந்தார். என் சத்தத்தில் அவர் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மனுக் கொடுத்தபோது அவருக்கே இது தெரிந்திருக்காது. தன் வீட்டுச் சத்தத்தை எவன் அளக்கிறான்?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பிரம்மநாயகி மதினி பாயசம் கொண்டுவந்தாள். பட்டறையில் இப்போது வேலை நடக்கவில்லையா என்று கேட்டாள். நடக்கிறது என்றேன். முகம் விழுந்துவிட்டது.

காரணம் சாயங்காலம் தெரிந்தது. பால்காரி பேச்சித்தாய் போன வாரம் அவர்கள் வாசலில் நின்றுகொண்டு பெரியவர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று நாலு பேர் காது கேட்கக் கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து தேவாரத்தைப் பெரிதாக வைத்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை நடுவில் கரண்ட் போய்விட்டது. தேவாரம் நின்றது, மற்றது நிற்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்களாம்.

உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் வெட்கம். எழுதிவிட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனீரே வே, இப்போ வாங்கும்.

பெரியப்பா அலறியதைத்தான் நான் சந்தோஷமாக எழுதியிருக்கிறேன் என்று படுக்கும்போது உறைத்தது.

ஏப்ரல் 17, வியாழன்

முதியோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணுவோம் என்கிறாள் சித்ரலேகா. நாம்தான் சொன்னோம் என்று தெரிந்துவிடும் என்றேன். தெரியட்டுமே என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்க வேண்டியவன் நான்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணாச்சி வாசல் வழியாகவே வந்தார். ஏணி இல்லை. பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார், பெல்ட்டை அமுக்கினார். நல்ல மூளை என்று பாராட்டினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

"மகேஷு, காலையில மட்டும் இதையெல்லாம் கழட்டிட்டுப் பழையபடி அடியும்."

தெருவில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், எல்லோரிடமும் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பெரியப்பாவுக்குச் சத்தம் ஆகாதே என்று கேட்டேன். முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒமக்குக் கேட்டிருக்கும், தெரியும். சின்ன வயசுல அவரு பெல்ட்டால என்னைய உரிச்சப்போ இந்தத் தெருவுல எவன் வந்து கேட்டான்? ஒங்க அப்பாவும் சுவருக்கு இந்தப் பக்கம்தான இருந்தாரு."

அது உண்மையாக இருக்கலாம். உண்மையாகத்தான் இருக்கும்.

எழுந்து போகும்போது பைய, குரலைக்கூட உயர்த்தாமல், வீட்டுக்குள் உலை வைக்க லைசென்ஸ் வாங்கியிருக்கிறேனா என்று கேட்டார். சத்தம் இல்லாவிட்டால் என்ன, நெருப்பு இருக்கிறதே, அதற்கும் ஒரு மனு உண்டே என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்ரீத் ஆர்டர் பாதியில் நிற்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

சங்கிலியைக் கழற்றினேன். பட்டறைக் கதவைத் திறந்து வைத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சித்ரலேகாவிடம் விளக்கினேன். பக்ரீத் முடியட்டும், கத்தியைக் கொடுத்துவிட்டு, லைசென்ஸுக்கும் எழுதிப் போட்டுவிட்டு, நானே போன் பண்ணுகிறேன் என்றேன். ஒரு மாதம், ஒன்றரை மாதம். இத்தனை நாள் பொறுத்தவருக்கு—

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "நமக்கு வயசான பெறவு பக்கத்துல பட்டறை இல்லாத வீடாப் பாருங்க" என்றாள்.

மே 5, திங்கள்

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது, யாரும் பேசி வைக்காமலே. பெரியப்பாவைக் குளிப்பாட்டும் முன் மதினி தண்ணீர் மோட்டார் போடுவாள். மோட்டார் சத்தம் கேட்டதும் நான் சுத்தியலை எடுப்பேன். மோட்டாரை நிறுத்தினால் நிறுத்துவேன். பிறகு கதவை மூடி, சங்கிலியைச் சுற்றிக்கொண்டு மற்ற வேலையை அமைதியாகச் செய்கிறேன்.

தெருவில் யாருக்கும் புகார் இல்லை. தெரு நலச்சங்கச் செயலாளர் என்னைப் பார்த்து "காலையில கொஞ்ச நேரம்தான, அது பரவாயில்ல" என்றார். அண்ணாச்சி பேசியிருக்கிறார், சொன்ன சொல் தவறாதவர்.

மே 12, திங்கள்

இன்று மோட்டார் போட்டபோது உலையில் இரும்பு இல்லை. கரி இன்னும் பிடிக்கவேயில்லை. சரி, கொஞ்சம் பொறுப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டது.

வெறும் கல்லை அடித்தேன்.

இரும்பில்லாமல் கல்லை அடிப்பது இந்தத் தொழிலில் ஆகாத காரியம். கல்லின் முகம் கெடும், சுத்தியல் எகிறி நம் முகத்துக்கே வரும். தெரிந்தே அடித்தேன். பழுக்கக் காய்ந்த இரும்பு நடுவில் இருந்தால் சத்தம் கொஞ்சம் செத்துத்தான் வரும். வெறும் கல் போடுகிற சத்தத்துக்கு ஈடே கிடையாது. ஊருக்கே கேட்டிருக்கும். எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்காகத்தானே அடித்தேன்.

இனிமேல் அவர்களுக்கு முன்னால் உலையை மூட்டிவிட வேண்டும்.

மே 26, திங்கள்

சித்ரலேகா களக்காட்டுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். லீவுதானே என்றாள். பீரோவில் அவள் பக்கம் காலியாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

தாஜ் பாய்க்கு எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. ஒரு கத்தியை எடுத்து முன்கை மயிரில் வைத்துப் பார்த்தார். "கைக்கு அலுங்காம போகுது. ஜீவனுக்கு வலி தெரியப்படாது, அதுதான் வேணும்" என்றார். அடுத்த வருஷத்துக்கும் இப்போதே சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 9, திங்கள்

பக்ரீத் முடிந்துவிட்டது. முதியோர் உதவி எண்ணை எடுத்து வைத்தேன். களக்காட்டுக்குப் போன் அடித்து, இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

லைசென்ஸ் விண்ணப்பத்தைக் காலையில்தான் ஆபீஸில் கொடுத்தேன். அதில் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாச்சி நேற்றுத்தான் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து வந்ததும் வராததுமாகவா? அது வேறு மாதிரி ஆகிவிடும். இந்த வாரம் போகட்டும்.

ஜூன் 12, வியாழன்

மோட்டார் போட்டார்கள். அடித்தேன். பாதியிலேயே மோட்டார் நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். பிறகு மதினி அழுகிற சத்தம் கேட்டது, இந்தத் தடவை மறைக்காமல்.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம் பெரியப்பா. எழுந்து நடக்கவே முடியாதவர் வழுக்கி விழுந்தார் என்றதை டாக்டரும் கேட்டுக்கொண்டார், தெருவும் கேட்டுக்கொண்டது. நானும் போய் மாலை போட்டேன். முகத்தில் ஒன்றும் இல்லை. முகத்தை மட்டும்தான் திறந்து வைத்திருந்தார்கள்.

அண்ணாச்சி என் தோளில் சாய்ந்து அழுதார். உண்மையாகவே அழுதார். தாமிரபரணிக் கரை வரைக்கும் நானும் கூடப் போனேன்.

களக்காட்டுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூன் 30, திங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது. சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடித்துவிட்டு, மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்த அண்ணாச்சி சாயங்காலம் வந்தார். கொஞ்ச நேரம் பெரியப்பாவைப் பற்றிப் பேசினார், எவ்வளவு பெரிய மனிதர் என்று. போகும்போது வாசலில் திரும்பி நின்றார்.

"காலையில அந்தச் சத்தம் இனி வேண்டாம் வே. ஒங்க மதினிக்குத் தலைவலி தாங்கல."

சரி அண்ணாச்சி என்றேன். அவர் போனதும் மணலை நன்றாக இடித்து நிரப்பி, சங்கிலியை முன்னைவிட இன்னும் ஒரு சுற்று இறுக்கி, ஓங்கி ஒரு அடி அடித்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்றால்கூடக் கேட்காது.