மேடையில் நான் முழுங்கிய வாக்கியம்

முனிர்கா, புது தில்லி
13.2.2003

என் அருமை மகள் பூங்கோதைக்கு,

வழக்கமாக நலம் என்று தொடங்குவேன். இந்த முறை அம்மா மட்டும் நலம்.

கம்பெனிக்கென்று உன் ஹாஸ்டல் தோழிகள் மூன்று பேர் எழுதிய செக்கையும் அனுப்ப வேண்டாம் என்று நேற்று போனில் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அம்மா பக்கத்தில் நின்றாள், எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புசா ரோடு பள்ளிக்கூட ஹாலில் சர்க்கார் கூட்டம் ஒன்று நடந்தது. பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று ஜனங்களுக்கு அவரவர் மொழியில் சொல்லித்தர இப்போது புறப்பட்டிருக்கிறார்கள். தமிழில் அச்சடித்த சின்னப் புத்தகம், இலவசம். சமோசாவும் இலவசம், ஆகவே நல்ல கூட்டம். இலாகாவிலிருந்து வந்த அம்மாள் இந்தியில் பேச, அதைத் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. உன் அப்பா சும்மா இருப்பானா? முப்பது வருஷம் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் கவருக்குப் பசை தடவியவனுக்கு மைக் என்றால் என்ன ஆசை! சலவை மடிப்புக் கலையாமல் மேடை ஏறினேன்.

வட்டி, ரசீது, பதிவு எண் எல்லாம் நன்றாகவே சொன்னேன். இரண்டு தடவை கை தட்டினார்கள். அப்புறம் அந்த அம்மாள் சொன்னார்: ஏமாற்றுகிற கம்பெனி உங்கள் கதவைத் தானாக வந்து தட்டாது, நீங்கள் அண்ணா என்று கூப்பிடுகிற ஒருவரைத்தான் அனுப்பும், உங்களைச் சேர்த்துவிட்டால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் அவரையே கேளுங்கள் என்று.

முன் வரிசையில் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாடி அப்பாவு ஹவில்தாரின் சம்சாரம்தான். ராஜஸ்தானில் ஆட்டுப்பண்ணை, ஒரு ஆடு வாங்கினால் மாதாமாதம் லாபம் என்று அவளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான். அப்பாவு ரிடையரான பணத்தில் பாதி போன தீபாவளிக்கே உள்ளே போய்விட்டது. மீதிப் பாதியை மறுநாள் பாங்கில் கம்பெனிக் கணக்கில் கட்டுவதாக இருந்தார்கள்.

நான் மைக்கில், கம்பெனியைப் பற்றித் தீர விசாரியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். தண்ணீர் வேறு குடித்துக்கொண்டேன்.

டீ வாங்கும் இடத்தில் கோவிந்தம்மாள் பிடித்துக்கொண்டாள். ஏண்ணே, அந்த இலாகா அம்மா அவ்ளோ நேரம் பேசுச்சே, நீங்க ஒரே வரில முடிச்சிட்டீங்களே என்றாள். எனக்கு பாஷை தெரியாதுன்னு நெனச்சீங்களா, இருவது வருஷமா காய் விக்கிற சப்ஜிக்காரன்கிட்ட எந்த பாஷைலண்ணே சண்ட போடறேன் என்றாள். யோசித்துப் பார், தில்லியில் குடியிருக்கிற தமிழர்களிடம் இந்தியை மறைக்கப் பார்த்த புத்திசாலி உன் அப்பா ஒருவன்தான். ஹாலில் அத்தனை பேருக்கும் புரிந்திருந்தது.

சரி, இப்ப கேக்கறேன், எங்கள சேத்துவிட்டதுக்கு உங்களுக்கு என்ன கெடச்சுது என்றாள். குக்கர் என்றேன். எத்தன லிட்டரு என்று கேட்டாள். அஞ்சு என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் அப்பாவுவும் அவளும் போட்டதைத் திருப்பிக் கேட்கக் கரோல் பாக் போனார்கள். நானும் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. போர்டு மாட்டிய ஆணி மட்டும் இருந்தது. கீழே டீக்கடைக்காரன், சலே கயே பாபுஜி, போய்விட்டார்கள், சனிக்கிழமையே சாமானெல்லாம் ஏற்றிவிட்டார்கள் என்றான். அப்பாவு என்னைத் திட்டவில்லை. ராணுவத்தில் இருந்தவர், இரண்டு அறை விட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்.

அவர்களுடைய மீதிப் பணம் தப்பியது. அந்த இலாகா அம்மாளால் தப்பியது, என்னால் இல்லை.

வீட்டில் குக்கர் பரணுக்குப் போய்விட்டது. அம்மா சோற்றை வடித்துத்தான் போடுகிறாள். சோறு குழைந்திருந்தது, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது உன் விஷயம். அப்பா சொன்னார் என்று நம்பித்தான் அந்தப் பெண்களிடம் நீ பேசினாய். கம்பெனி சரியில்லையாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. ஆளுக்கொரு குக்கர் கணக்கில் என் அப்பாதான் உங்களைச் சேர்க்கப் பார்த்தார் என்றே சொல். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் மரியாதையைக் காப்பாற்ற நினைத்தாயானால் நீயும் என்னைப் போல் மேடையில் தண்ணீர் குடிக்க வேண்டிவரும். புத்தகம் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன், அவர்களுக்கும் படித்துக் காட்டு.

பாங்கில் போடச் சொல்லி உன் முதல் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பினாயே, அதைப் பற்றி நேற்று நீ கேட்கவே இல்லை. மறந்திருக்க மாட்டாய். என் முகம் வாடுமே என்றுதான் விட்டிருப்பாய். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், மகளே. ஆனால் அடுத்த முறை போன் செய்யும்போது தயவுசெய்து அதைக் கேள்.

உன் அப்பா,
ஜோதிலிங்கம்