ஹாஸ்டலுக்குப் போன கம்பளி

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கும் ஒரு குடும்பம் மெல்லிய பனியனோடு வந்து இறங்கியது. எர்ணாகுளத்துக்காரர்கள். மூணாறு எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வரக் கூடாதா? வழக்கம்போல நான் ஓட்டும் டூரிஸ்ட் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் கிடக்கும் இரண்டு ஸ்வெட்டரையும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று பச்சை, ஒன்று காப்பிப்பொடி நிறம். இந்த மாதிரி ஆட்களுக்காகவே வைத்திருக்கிறேன். இறங்கும்போது திருப்பி வாங்கிக்கொள்வேன். "எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊருக்குத் தக்கன துணி எடுக்கணும் சார்" என்று புத்திமதி வேறு.

பள்ளிவாசல் எஸ்டேட் வீட்டுக்கு வந்தால் மாரீஸ்வரி அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கேரள பி.எஸ்.சி. பரீட்சை எழுதிய கிளார்க் வேலை கிடைத்துவிட்டது. தமிழ் தெரிந்தவர்களுக்கென்றே உள்ள வேலை. சித்தூரில், பாலக்காட்டுப் பக்கம். அடுத்த திங்கள் சேர வேண்டும்.

தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டே படித்தவள் என் பெண்டாட்டி. முப்பத்தேழு வயதில் சர்க்கார் நாற்காலி! சந்தோஷத்தில் நானே அடுப்பை மூட்டினேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் அங்கே என்றால் இங்கே நான் மட்டுமா?

மார்ச் 11, செவ்வாய்

சித்தூரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கான ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. தனி அறை இல்லை. ஒரே ஹாலில் ஆறு கட்டில். வார்டன் கத்தரீனாள் அம்மா போனில் நிதானமாகச் சொன்னார்: வாளி, மக்கு, தட்டு, டம்ளர், விரிப்பு, தலையணை, அலமாரிக்கு நல்ல பூட்டு. "ஒரு பைக்குள்ள அடங்கணும். கட்டிலுக்கடியில அவ்வளவுதான் எடம்" என்றார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு எங்களுடையது. அவளுக்கு நான், எனக்கு அவள். பதினாறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

"ஒரு மாசம் பாக்குறேங்க. ஒத்துவரலன்னா வந்துர்றேன்" என்றாள். "சர்க்கார் வேலய எவளாவது விடுவாளா? போ புள்ள" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டது வாய்தான். மனசு அந்த 'வந்துர்றேன்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மார்ச் 15, சனி

பை கட்டுவதில் சண்டை. நான் வைப்பதை அவள் எடுப்பதும், அவள் எடுத்ததை நான் வைப்பதுமாக. பிளாஸ்க் வேண்டாமாம். இஞ்சி போட்ட டீத்தூள் வேண்டாமாம். கம்பளி வேண்டவே வேண்டாமாம்.

கம்பெனி கொழுந்துக்காரிகளுக்குக் கொடுத்த கறுப்புக் கம்பளி. மழையில் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். அது இல்லாமல் இவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

"பாலக்காட்டுல ஒரே வெயிலாம்ல."

"வெயிலு பகல்லதான? ராத்திரி குளிராதா?"

அவளும் கொஞ்சம் யோசித்தாள். பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் இந்த மலைதான். இங்கே எந்த வெயிலும் அந்தியோடு சரி. ஆனாலும் கம்பளியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பையின் அடியில் திணித்து மேலே சேலைகளை அடுக்கிவிட்டேன். பிளாஸ்க்கையும்தான்.

மார்ச் 16, ஞாயிறு

விட்டுவிட்டு வந்தேன். உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, மடியில் வாளியோடு. வாளிக்குள் தட்டு கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. மீனாட்சிபுரம் தாண்டும்போதே சட்டை முதுகில் ஒட்டியது. ஹாஸ்டலில் ஆண்களுக்குக் கீழே விசிட்டர் ரூம் வரைக்கும்தான். பையை அவளே தூக்கிக்கொண்டு படியேறினாள். "இவ்வளவு கனக்குதே, என்னத்த வச்சீங்க?" என்றாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டேன். ஒன்று ஆறிப்போனது.

மார்ச் 22, சனி

போனில் குரல் கம்மியிருந்தது. ஹாலில் ஒரே ஃபேன். அது பழைய ஆட்களின் கட்டிலுக்கு மேலே. இவளுக்கு மேற்குச் சுவர் ஓரம். "ராத்திரியும் சுவரு கொதிக்குதுங்க. தரையில தண்ணி தெளிச்சுப் படுக்கேன். இதுல நீங்க கம்பளி வேற..."

அழுதாளா, சிரித்தாளா, தெரியவில்லை.

எத்தனை பேருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன்! ஊருக்குத் தக்க துணியாம். என் வாயில் மண்ணைப் போட. கட்டிலுக்கடியில் இருக்கிற துளி இடத்தையும் கம்பளியால் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆனாலும் — இதை இங்கேதான் எழுத முடியும் — ஒத்துவரவில்லை போலிருக்கிறதே என்று ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. ச்சீ, என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 6, ஞாயிறு

கம்பளியைத் திருப்பி எடுத்து வரலாம் என்று சித்தூர் போனேன். தெருமுனையிலேயே கண்ணில் பட்டது. மாடி ஜன்னலில் எங்கள் கறுப்புக் கம்பளி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. வேண்டாமென்று கடாசிவிட்டாள் போல என்று நினைத்தேன். 

விசிட்டர் ரூமுக்கு அவளோடு இன்னொரு பெண்ணும் வந்தாள். மீனாட்சிபுரத்துப் பெண் யோகப்பிரியா, பக்கத்துக் கட்டில். "நீங்கதானுங்களா அந்தக் கம்பளி அண்ணன்?" என்றாள். மாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

யோகப்பிரியாவே சொன்னாள்: "அக்கா அதைய நனைச்சு மேக்கால சன்னல்ல போட்டுட்டாங்கண்ணா. காத்து அது வழியா ஜில்லுனு வருதுங்க. ஃபேனுக்கடியில இருந்தவங்கெல்லாம் இப்ப அக்கா பக்கம் தலை வெச்சுப் படுக்கறாங்க."

"ஈரக் கம்பளி நாத்தம் அடிக்குமே" என்றேன்.

"அவங்களுக்குத்தாங்க நாத்தம். எனக்கு நம்ம வீட்டு வாசம்" என்றாள் மாரி.

கம்பளியை நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று, விஷு லீவு. மாரி மூன்று நாள் வீட்டில். கருத்திருக்கிறாள். என்னிடமே சில வார்த்தை மலையாளத்தில் பேசுகிறாள், ஆபீஸ் பழக்கம்.

மாசம் முடிகிறதே என்று நானே ஆரம்பித்தேன். வந்துவிடு என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னொரு வாளி வேணும்ங்க. கம்பளி நனைக்கத் தனியா" என்றாள்.

புரிந்தது. எழுந்து மூணாறு போய் வாளி வாங்கி வந்தேன். கடையில் இருந்ததிலேயே பெரியது. அதைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

ஜூன் 14, சனி

மே முழுக்க எனக்கு சீசன், அவளுக்கு ஆபீஸ். இன்றுதான் வந்தாள். மூணாறு ஸ்டாண்டில் கொட்டுகிற மழை. நூல் சேலையில், ஒரு சின்னப் பையோடு, பல் தந்தியடிக்க இறங்கினாள்.

"ஸ்வெட்டர் எங்க?"

"ஞாபகமே வரலீங்க."

மலையில் பிறந்தவள்! விழுந்து விழுந்து சிரித்தேன். பின்சீட்டுக்கு அடியிலிருந்து பச்சை ஸ்வெட்டரை எடுத்தேன். "எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊருக்குத் தக்கன துணி எடுக்கணும் மேடம்" என்றதும் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

வீட்டில் அவள் பையைப் பிரித்தால் பிரஷ், பேஸ்ட், துண்டு, டப்பாவில் சோப்பு. என் சிரிப்பு நின்றது. "நம்ம வீட்டுக்கு வர சோப்பா?" அவளும் திகைத்துத்தான் போனாள். "கை தன்னால எடுத்து வச்சிருச்சுங்க."

கோபப்பட நினைத்தேன், வரவில்லை. சோப்பை எடுத்து என் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பஸ் ஏறுமுன் ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, ஜீப் சீட்டில் வைத்தாள். "இங்கயே கெடக்கட்டும். வரும்போதெல்லாம் வேணும்ல."

ஜூன் 17, செவ்வாய்

கோழிக்கோட்டிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு. காப்பிப்பொடி நிறத்தை அவருக்குக் கொடுத்தேன். என் ஜாக்கெட்டைக் கழற்றி அந்தம்மாவுக்குக் கொடுத்தேன். "பச்சை ஒன்று கிடக்கிறதே, நீங்கள் ஏன் குளிரில் ஓட்டுகிறீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"அதுக்கு ஆள் இருக்கு சார்" என்றேன்.