மூன்று மாதம் கழித்து வந்த செய்தி

வியாழன் இரவு, ஜெனீவா.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரி லிசா, ஊரில் இருக்கும் தன் பன்னிரண்டு வயது மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று இன்று சொன்னாள். "சந்தோசம்! சடங்கு எப்ப?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஆட்களின் பழக்கதோஷம். லிசா அழத் தொடங்கினாள்.

அது நடந்து மூன்று மாதமாம். பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஆய்வுக்காரப் பெண்ணிடம்தான் சிறுமி சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த லிசாவின் தங்கைக்கும் அப்போதுதான் தெரிந்ததாம்.

"ஒவ்வொரு நாளும் வீடியோவில கதைக்கிறன். சாப்பிட்டியோ எண்டு மட்டும்தான் கேட்டிருக்கிறன்," என்றாள் லிசா.

இருவருமாகக் கட்டில் விரிப்பை மாற்றினோம்.

வீட்டுக்கு வந்ததும் என் மகளின் அறைக் கதவைத் தட்டினேன். இவளுக்கும் பன்னிரண்டு வயது.

"என்னம்மா?" கதவு திறக்கவில்லை.

"சாப்பிட்டியோ?" என்றேன்.