மாமா கையில் உன் மட்டை

அன்பு அக்கா,

நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. நாங்கள் இங்கே நலம் என்று எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் டென்னிஸ் ஆட வருகிறார். ஆமாம், மாமாதான். அதுவும் உன் மட்டையோடு.

நீ கண்ணை மூடிய பிறகு மாமா வெளியே வருவதையே விட்டுவிட்டார். டிவி ஓடும், அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. சாப்பிட்டாயிற்றா என்றால் ஆயிற்று என்பார். அடுப்பங்கரையில் ஒரு தட்டுகூட நனைந்திருக்காது. இப்படியே இருந்தால் மனுஷன் தேறமாட்டார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் வேங்கிக்கால் டென்னிஸ் கோர்ட்டில் நான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, உன் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஜெயா, நானும் ஆடட்டுமா?" என்றார்.

உன் பையை அவர் தோளில் பார்த்ததும் நான் அழுதிருக்கவேண்டும். ஆனால் நான் நில அளவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அழுவதற்கு முன்னால் அளந்து பார்க்கிற புத்திதான் எனக்கு முதலில் வரும். இரண்டு பந்து போட்டதுமே தெரிந்துவிட்டது, இந்த மட்டை இவருக்கு ஆகாது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போல வேலை முடிந்து வந்து ஆசைக்கு ஆடுகிறவர்கள் வாங்குவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, பொறுத்துப்போகிற மட்டை. தலை பெரிது, எடை கம்மி, சட்டம் தடிமன். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் எப்படியோ வலையைத் தாண்டிவிடும். இன்னொன்று, கறாரான மட்டை. தலை சின்னது, சட்டம் மெலிசு, கனம் ஜாஸ்தி. நடுவில் பட்டால் நினைத்த மூலையில் விழும். கொஞ்சம் விலகிப் பட்டால் பந்தும் போகாது, முழங்கை வரை அதிரும்.

எது நல்லது என்று கேட்டால், அது கையைப் பொறுத்தது. நீ ஓங்கி வீசுகிறவள். பெரிய தலை மட்டையைக் கொடுத்தால் உன் பந்து வேலிக்கு வெளியே போய் விழும். உனக்குக் கறார்தான் சரி. நான் அரை வீச்சுக்காரி. மீதி வேலையை மட்டைதான் செய்யவேண்டும். இதில் பெருமையும் இல்லை, அவமானமும் இல்லை. ஆனால் நீ அப்படி நினைத்ததில்லையே. நான் எப்போதாவது மட்டையைக் குறை சொன்னால், "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம்" என்பாய். வீட்டிலும் அப்படித்தான். சாதத்தில் ஒரு கல் தட்டுப்பட்டால் நீ அரிசியைத் திட்டமாட்டாய், பொறுக்கினவளைத்தான் திட்டுவாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் மட்டை கடையிலிருந்து வந்தபோது அதன் பிடியில் தோல் சுற்றியிருந்தது. சமண நயினார் வீட்டுப் பெண் செத்த மாட்டின் தோலைப் பிடித்துக்கொண்டு ஆடுவாளா என்று அன்றைக்கே அதை உரித்துப் போட்டாய். பதிலுக்குச் சுற்றியது லேசான ரப்பர் பட்டி. கறார் மட்டைக்குப் பிடியில் கனம் இருக்கவேண்டும், அப்போதுதான் அது கைக்கு அடங்கும். தோல் போனதும் பிடி இளைத்து, கனமெல்லாம் தலைப் பக்கம் போய்விட்டது. ஏற்கெனவே முரடு, நீ அதை இன்னும் முரடாக்கினாய். உன் தோளுக்கு அது தாங்கியது.

மாமாவுக்குத் தாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவேண்டும் என்பதால் நாங்கள் வெயில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவோம். வேர்க்க வேர்க்க அடிப்பார். பத்துப் பந்து போட்டால் ஒன்பது வலையில். ஆனால் வந்தார், அக்கா. ஆடி முடித்துப் போய் வயிறாரச் சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இல்லை என்று என்னிடம் சண்டை போட்டார். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

பிறகு முழங்கை வீங்கியது. காபி டம்ளரை இடது கையால் எடுப்பதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. டாக்டர், மட்டையை மாற்றுங்கள், இல்லையென்றால் ஆட்டத்தை விடுங்கள் என்றார்.

நான் முதலில் மட்டையைச் சரிப்படுத்தத்தான் பார்த்தேன். மட்டையின் நரம்பைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினோம். பெரிய வித்தியாசம் இல்லை. நம் கோர்ட்டில் ஆடும் ரஃபீக் பாயைக் கேட்டேன். "மாட்டுக் குடல்ல செஞ்ச நரம்பு இருக்குதுங்க. அது போட்டா கைக்கு இதமா இருக்கும். பிடிக்குத் தோலையும் திரும்பச் சுத்திட்டா பேட்டு அடங்கிடும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் குடலும் தோலும் வேண்டவே வேண்டாம் என்று மாமா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆக, மட்டையைச் சரிசெய்கிற வழி அடைந்துபோயிற்று. மட்டையை மாற்றுவது ஒன்றுதான் பாக்கி.

"அவளோடத வச்சிட்டு வேற ஒண்ண எடுத்தா, நான் எதுக்கு இங்க வரணும்?" என்றார் மாமா. "வேணாம் ஜெயா. கை சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' எனக்குத் தெரியும். அது மறுபடியும் டிவி, மறுபடியும் நனையாத தட்டு.

அடுத்த நாள் ஏதேதோ சாக்குச் சொல்லி, சும்மா பார்க்கவாவது வாங்க என்று கூட்டிப் போனேன். பௌர்ணமிக்கு மறுநாள் அது. கிரிவலத்துக்கு வந்த வெளியூர் பஸ்ஸெல்லாம் போய் ஊர் அப்போதுதான் மூச்சு விட்டிருந்தது. மாமா உன் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாய் தன் மட்டையை நீட்டினார்.

"சார், சும்மா புடிச்சுப் பாருங்க. தல பெருசு, வெயிட்டு கம்மி. நடுவுல படலன்னாலும் போயிடும்."

மாமா தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்மேலா, அவர்மேலா என்று தெரியவில்லை.

"மாமா, அது அக்கா கைக்கு வாங்கினது. நீங்க அக்கா இல்லீங்க" என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாதோ? பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா உன் மட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டு எழுந்து, பாயிடம் கையை நீட்டினார்.

மெதுவாக ஒரு பந்து போட்டேன். ஓரத்தில்தான் பட்டது, ஆனாலும் வலையைத் தாண்டி வந்து விழுந்தது. நான் திருப்பி அடித்தேன், அதுவும் வந்தது. இப்படியே நாலைந்து தடவை. என் ஆயுளில் அவரோடு பந்து இப்படிப் போய்வந்தது அதுதான் முதல் தடவை. மாமா திடீரென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு வலையருகே வந்தார்.

"உங்கக்கா ஒருநாள் என்னை இங்க இட்டுனு வந்தா, உனக்குத் தெரியுமா?" என்றார். "கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் கழிச்சு. அவ பேட்டத்தான் குடுத்தா. ஒரு பந்துகூட அந்தப் பக்கம் போகல. விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு வெக்கமாப் போச்சு. அப்புறம் எத்தினி வாட்டி கூப்ட்டா! நான் வரவேயில்ல."

நானும் வலையருகே போனேன்.

"அன்னிக்கு இந்த மாதிரி ஒண்ணு கையில இருந்திருந்தா, அவகூட ஆடியிருப்பேனே ஜெயா. இத்தன வருஷமும் ஆடியிருப்பேனே."

அவர் அழவில்லை. நான்தான் முகத்தைத் துண்டால் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றேன். நீ சிரித்தது கேலிக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்குச் சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான் சிரிப்பாய். அதை அவரிடம் ஒருநாளாவது சொன்னாயா, அக்கா?

மாமா இப்போது பாயுடையது போலவே ஒன்று வாங்கியிருக்கிறார். முழங்கை தேறி வருகிறது. உன்னுடையது உன் பீரோவில், உன் புடவைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை நான் எடுக்கப்போவதில்லை. என் அரை வீச்சுக்கு அது சரிப்படாது.

உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மாமா பந்தைத் தவறவிட்டால் நான் சிரிக்கமாட்டேன். அடுத்த பந்தைப் போடுவேன். அவர் போதும் என்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருப்பேன்.

உன்னை இன்னும் முழுதாக மன்னிக்காத,
உன் தங்கை
ஜெயா